இருபத்தாறு நிமிஷ நிறுத்தம்

பனிக்கட்டியைப் பற்றி நாம் இதுவரை அவ்வளவு மரியாதையாக எண்ணியது கிடையாது. கோடைக் காலத்தில் சர்பத்தில் மிதப்பது, ஜலதோஷத்துக்குக் காரணம் என்று பாட்டிமார்களிடம் வசவு வாங்குவது, மீன் கூடைகளில் அடைபட்டு ஊர் ஊராகப் போவது, இவைதாம் அதன் தொழில்கள் என்று நினைத்திருந்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிகமும் ரசாயனமும் போதித்து வருகிற நமக்கு, அதன் உருகுநிலை, உள்ளுறை வெப்பம் முதலிய விவரங்களெல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு மனிதருடைய அறிவையும் நினைவையும் பத்திரமாக வாங்கி வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும் உத்தியோகமும் குளிருக்கு உண்டு என்பதை, நம் சொந்தத் தமையனாரின் விஷயத்தில்தான் அறிந்துகொண்டோம்.

தமையனாருக்கும் நமக்கும் 16 வயது வித்தியாசம். தகப்பனார் காலமானபோது நமக்கு வயது 7. தமையனார் அப்போதுதான் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டராகிப் பல ஊர்களில் இருந்து ஓய்வு பெற்றார். நம்மை வளர்த்துப் பட்டதாரியாக்கியவர் அவர்தான். சிறு வயதில் தூக்கம் வராத இரவுகளில் நம்மைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு, ராஜா ராணிக் கதைக்குப் பதிலாக, விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரையில் உள்ள ஸ்டேஷன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். "கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம்..." என்று அவர் குரல் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்கும். சிதம்பரத்தில் வண்டி நிற்பதற்குள் நாம் தூங்கிவிடுவோம். ஆகவே, ஞாபகசக்தி என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு இன்றைக்கும் அந்தக் குரல்தான் காதில் விழும்.

சென்ற வருஷம் அந்தக் குரலே கம்மிப் போயிற்று. தொண்டைக் கோளாறு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம், மிளகு ரசம் எல்லாம் ஆயிற்று. தொண்டை வைத்தியர் பார்த்துவிட்டு, "தொண்டையில் ஒன்றும் இல்லை, மார்பைப் படம் எடுங்கள்" என்றார். படத்தில் உண்மை வெளிப்பட்டது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மேலே எழும்பி வளைந்து கீழே இறங்குகிறதல்லவா? அந்த வளைவில் 3 சென்டிமீட்டர் அகலம் இருக்கவேண்டிய குழாய், 6 சென்டிமீட்டருக்கு மேல் ஊதியிருந்தது. அது பக்கத்திலே செல்லும் குரல் நரம்பை அழுத்தியதால்தான் தொண்டை கம்மிற்று. நாளாக நாளாக ஊதி, ஒரு நாள் வெடித்தால், ஆஸ்பத்திரிக்குப் போகவும் நேரம் இராது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரண வைத்தியரைப் பார்த்தோம். வயதில் நம்மைவிட இளையவர், பொறுமைசாலி. ஒரு காகிதத்தில் பெருந்தமனியின் வளைவை வரைந்து காட்டினார். கைக்கும் தலைக்கும் ரத்தம் கொண்டுபோகும் மூன்று கிளைகள் அந்த வளைவிலிருந்தே புறப்படுகின்றன. வளைவை வெட்டி எடுத்து, அதன் இடத்தில் நெய்த செயற்கைக் குழாயை வைத்துத் தைக்க வேண்டும்.

"சாதாரண இருதய சிகிச்சையில், இருதயத்தை நிறுத்திவிட்டாலும் யந்திரம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். இங்கே தலைக்குப் போகும் வழியையே அல்லவா பிரித்துத் தைக்கவேண்டியிருக்கிறது? ஆகவே, யந்திரத்தையும் நிறுத்திவிடுவோம். உடம்பில் எங்கும் ரத்த ஓட்டமே இராது" என்றார் டாக்டர்.

அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நமக்கும் நாக்கு உலர்ந்துவிட்டது. தமையனார் மட்டும் நிதானமாகத் தலையை ஆட்டினார்.

"பாலத்தைப் பழுது பார்க்கவேண்டுமானால் லயனை அடைத்துத்தான் ஆகவேண்டும். எத்தனை நிமிஷம் நிறுத்தம், டாக்டர்?" என்று கம்மிய குரலில் கேட்டார்.

"சுமார் 25 நிமிஷம், ஐயா."

இந்த 25 நிமிஷம் என்ற கணக்கு என்ன விபரீதமானது என்பதைச் சொல்லுகிறோம். மனித மூளை உடம்பின் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் 100-க்கு 20 பங்கை அது ஒன்றே சாப்பிட்டுவிடுகிறது. இவ்வளவு சாப்பிடுகிறதே, கொஞ்சமாவது சேமித்து வைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. அன்றாடம் கடையில் வாங்கி அன்றாடம் சமைக்கும் குடும்பம் அது. ரத்த ஓட்டம் நின்ற பத்து விநாடிக்குள் பிரக்ஞை போகிறது. நான்கைந்து நிமிஷத்தில் மூளையின் நுண்ணிய உயிரணுக்கள் மடியத் தொடங்குகின்றன. மடிந்தவை திரும்பி வருவதில்லை. அப்படியிருக்க, 25 நிமிஷம் எப்படித் தாங்கும்?

அங்கேதான் குளிர் வருகிறது. உடம்பின் உஷ்ணத்தை 37 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்கிவிடுவார்கள். "குளிர்ந்தால் ரசாயன மாறுதல்களின் வேகம் குறையும்; 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்" என்று வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் காப்பி செய்யச் சொல்லியிருக்கிறோம். மூளையும் ஒரு ரசாயனசாலைதானே? அன்று இரவு வீட்டில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். 18 டிகிரியில் மூளையின் பிராணவாயுச் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 5 நிமிஷம் தாங்குவது 25 நிமிஷம் தாங்கும். டாக்டர் சொன்ன எண்ணேதான்! விடை சரியாக வந்ததற்காக எந்த வாத்தியாருக்கும் இவ்வளவு கலக்கம் ஏற்பட்டிராது.

அதற்குப் பிறகு தூக்கம் ஏது? கிடைத்ததையெல்லாம் படித்தோம். இந்த வித்தையின் சரித்திரம் விசித்திரமானது.

கானடா தேசத்தில் டொராண்டோ நகரில் வில்பிரட் பிகிலோ என்று ஒரு ரண வைத்தியர் இருந்தார். 1941-ம் வருஷம், பனியில் விறைத்துப்போன விரல்களை ஓர் இளைஞனுக்கு வெட்டி எடுக்கும்படி நேர்ந்தது. குளிர் மனித உடம்பை என்னதான் செய்கிறது என்று அப்போது பிகிலோ ஆராயத் தொடங்கினார். அந்தக் காலத்தில், குளிர்ந்தால் உடம்பின் பிராணவாயுச் செலவு கூடும் என்று நினைத்திருந்தார்கள். செலவு கூடியதற்குக் காரணம் குளிர் அல்ல, நடுக்கமே என்று அவர் கண்டார். மயக்க மருந்தால் நடுக்கத்தைத் தடுத்துவிட்டுக் குளிர்வித்தால், செலவு படிப்படியாக இறங்கிற்று. நாய்களை 20 டிகிரி வரையில் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை 15 நிமிஷம் நிறுத்திப் பார்த்த சோதனைகளை 1950-ல் வெளியிட்டார்.

இந்தப் பிகிலோவைப் பற்றி இன்னொரு சமாசாரம். கானடாவில் அணில் இனத்தைச் சேர்ந்த ஒரு கொழுத்த பிராணி உண்டு. அது குளிர்காலம் முழுவதும் வளைக்குள் சில்லிட்டுத் தூங்கிவிட்டு வசந்தத்தில் எழுந்து வரும். அதன் உடம்பில் ஏதோ ரகசிய மருந்து சுரக்கிறது என்று நம்பி, அந்தப் பிராணிகளைப் பண்ணை வைத்து வளர்த்துப் பல வருஷம் தேடினார். மருந்தும் கிடைத்துவிட்டது! பிறகு பரீட்சித்துப் பார்த்தால், அது பிராணி தந்ததல்ல. சோதனைக்கு உபயோகித்த பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த வஸ்து. அந்த ஏமாற்றத்தை அவர் மூடி மறைக்கவில்லை. பிற்காலத்தில் தாமே சொல்லி வைத்தார். அதைப் படித்தபோது அவரிடம் நமக்கு மரியாதை கூடிற்று.

மனிதருக்கு முதல் வெற்றி அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் கிடைத்தது. 1952 செப்டம்பர் 2-ந் தேதி, ஜான் லூயிஸ் என்ற டாக்டர், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் குளிர்ந்த திரவம் ஓடும் ரப்பர் போர்வைகளில் சுற்றி 28 டிகிரிக்குக் குளிர்வித்தார். இருதயத்துக்கு வரும் ரத்தத்தை ஐந்தரை நிமிஷம் நிறுத்தி, இருதயச் சுவரில் இருந்த துவாரத்தைக் கண்ணால் பார்த்தே தைத்து மூடினார். குழந்தை பிழைத்தது. ஆனால் 28 டிகிரிக்குக் கீழே போனால் இருதயம் தாறுமாறாகத் துடிக்கும் என்ற பயம் இருந்தது. 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் செய்யும் யந்திரத்தை வெற்றிகரமாக உபயோகித்த பிறகு, இருதயம் துடித்தாலும் நின்றாலும் யந்திரத்தின் உதவியால் ரத்தத்தையே குளிர்விக்கலாம் என்ற வழி திறந்தது. 1975-ல் ஸ்டான்போர்டைச் சேர்ந்த ராண்டால் க்ரீப், ஆழ்ந்த குளிரில் பெருந்தமனி வளைவை மாற்றி வைத்த விவரத்தை வெளியிட்டார். நான்கு நோயாளிகள்; மூவர் பிழைத்தார்கள். நம் தமையனாருக்குச் செய்யவேண்டிய சிகிச்சை அந்த நால்வரிலிருந்து தொடங்கியதே.

நாம் படித்தவற்றில் நம்மை மிகவும் உருக்கியது வேறொன்று. பாஸ்டன் நகரில், 1988 முதல் 1992 வரையில், பிறவியிலேயே இருதயக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 பச்சைக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்தார்கள். ஒரு சாராருக்குக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். மற்றொரு சாராருக்குக் குறைந்த வேகத்தில் ரத்தத்தை ஓட விட்டார்கள். குழந்தைகள் பிழைத்தால் போதும் என்று அத்துடன் விட்டுவிடவில்லை. எட்டு வயதான பிறகு அவர்களை மறுபடி அழைத்து, வாசிக்கச் சொன்னார்கள். கணக்குப் போடச் சொன்னார்கள். நிறுத்தம் சுமார் 41 நிமிஷத்துக்குள் இருந்த குழந்தைகளிடம் நிறுத்தத்தால் வந்த குறை அதிகம் தெரியவில்லை. அதைத் தாண்டத் தாண்ட மதிப்பெண்கள் இறங்கிக்கொண்டே போயின. 2003-ல் வெளிவந்தது இந்த முடிவு. பரீட்சை வைப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, யாரோ ஒரு குழந்தை வகுப்பில் கூட்டல் கணக்கில் தடுமாறியதற்கு, அது பேசக் கற்பதற்கு முன்பே கழிந்த சில நிமிஷங்கள் காரணமாக இருக்கக்கூடும் என்பதைப் படித்ததும் கண் கலங்கிற்று. அதற்கு முன் எத்தனை பிள்ளைகளை "மந்தம்" என்று சொல்லியிருக்கிறோம்!

பெரியவர்களுக்கும் இப்படியே கணக்கு எடுத்திருக்கிறார்கள். 656 பேரை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 40 நிமிஷத்துக்கு மேற்பட்டால் மூளைத் தாக்கும், 65 நிமிஷத்துக்கு மேற்பட்டால் மரணமும் அதிகமாகும் என்று கூறிற்று. 1999-ல் நியூயார்க்கில் செய்த அளவீடு இன்னும் கண்டிப்பானது: 20 டிகிரியில் 21 நிமிஷம், 15 டிகிரியில் 29 நிமிஷம். ஆகவே, குளிர் காலத்தை நிறுத்திவிடுகிறது என்று எண்ணினால் தவறு. குளிர் கடன் கொடுக்கிறது, அவ்வளவுதான். தவணை தவறினால் வட்டி உண்டு. இந்தக் காரணத்தால்தான் இப்போது பல இடங்களில், வலது கைக்குப் போகும் தமனி வழியாக மூளைக்கு மட்டும் ரத்தத்தை அனுப்பிக்கொண்டே, அவ்வளவு ஆழமாகக் குளிர்விக்காமலும் இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். எது மேல் என்று வைத்தியர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் டாக்டரோ, "குளிர்விப்போம்; 30 நிமிஷத்தைத் தாண்டும் என்று தோன்றினால் கைத் தமனி வழியையும் திறந்துவிடுவோம்" என்றார்.

சிகிச்சைக்கு முதல் நாள் இரவு தமையனார் நம்மை மட்டும் அருகில் கூப்பிட்டார்.

"தம்பி! உயிர் போனால் போகட்டும், வயதாகிவிட்டது. உயிர் இருந்து நான் இல்லாமல் போனால், உன் அண்ணி என்ன செய்வாள்?" என்றார்.

பாஸ்டன் குழந்தைகளைப் பற்றியும், நியூயார்க் கணக்கைப் பற்றியும் அவ்வளவு படித்திருந்த நமக்கு, அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்படி ஒன்றும் ஆகாது, அண்ணா" என்றோம். படிக்காதவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் காலை 7 மணிக்கு உள்ளே அழைத்துச் சென்றார்கள். உள்ளே நடந்ததைப் பிறகு டாக்டரிடம் கேட்டு அறிந்தோம். யந்திரத்தில் ஓடும் ரத்தத்தை மெதுவாகக் குளிர்வித்தார்கள். தலையைச் சுற்றிப் பனிக்கட்டிப் பைகளை அடுக்கினார்கள். மூளையின் மின்சார அலைகளைக் காட்டும் கருவியில் கோடுகள் சிறுத்துச் சிறுத்து, முடிவில் நேர்கோடாயின. அதாவது, மூளை தன் கடையை மூடிக்கொண்டது. அப்புறமே யந்திரத்தை நிறுத்தினார்கள். அதிலிருந்து ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். "ஐந்து... பத்து... பதினைந்து..."

வெளியே நாங்கள் யாரும் அதை அறியோம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த நிமிஷம் நிறுத்தியிருப்பார்களோ, அடுத்த நிமிஷம் நிறுத்துவார்களோ என்று எண்ணி எண்ணி, அன்று பகல் முழுவதும் நமக்கு நிறுத்தமாகவே கழிந்தது.

மொத்தம் 26 நிமிஷம் ஆயிற்று. பிறகு ரத்தத்தை மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். அவசரப்பட்டு உஷ்ணத்தைக் கூட்டினால், குளிரில் பிழைத்த மூளை சூட்டில் கெட்டுப்போகும் என்பது வைத்தியர்கள் கற்ற இன்னொரு பாடம்.

மறுநாள் மாலை தமையனார் கண் விழித்தார். கை கால்களை அசைத்தார். நாம் அருகே போனதும் உற்றுப் பார்த்து, "அப்பா! எப்போது வந்தீர்கள்?" என்றார்.

நேயர்களே! நம் தகப்பனார் காலமாகி 41 வருஷம் ஆகிறது. அண்ணி வெளியே ஓடிப்போய் விம்மி அழுதார். இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் பின் சில நாள் மனம் குழம்புவது உண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். "பெரும்பாலும்" என்ற சொல்லை அன்று இரவு எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. 25 நிமிஷம் என்று நாம் போட்ட கணக்கும், 26 நிமிஷம் என்ற உண்மையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நம்மைப் பயமுறுத்தின.

நான்காம் நாள் காலை, "தம்பி, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். நாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். சற்று நேரம் கழித்து, நாம் கேட்காமலே, உதடு அசைய ஆரம்பித்தது. தம்மைத் தாமே பரீட்சித்துக் கொள்கிறார் என்று தெரிந்தது. "கடலூர் துறைமுகம்... ஆலப்பாக்கம்... புதுச்சத்திரம்... பரங்கிப்பேட்டை... சிதம்பரம்."

ஒரு ஸ்டேஷன் விட்டுப் போயிற்று. அவர் நம் முகத்தைப் பார்த்தார். "சரிதானே?" என்றார்.

பரீட்சைத் தாள் திருத்துவதில் நாம் கண்டிப்பான பேர்வழி என்று பள்ளிக்கூடத்தில் பெயர் உண்டு. "சரிதான், அண்ணா" என்றோம்.

தமையனார் வீடு திரும்பிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. தினசரி வாசிக்கிறார், பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். குரல் பாதி திரும்பியிருக்கிறது. சில பெயர்கள் வாய்க்கு வருவதற்குச் சற்று நேரமாகிறது. அது வயதின் வேலையா, குளிர் எடுத்துக்கொண்ட வட்டியா, யார் சொல்ல முடியும்? அவர் அதற்காக விசனப்படுவதில்லை. "வண்டி லேட். ஆனால் வந்துவிடும்" என்கிறார்.

போன மாதம் ஒரு நாள் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசம் பரிமாறும் சமயம். தமையனார் கையைத் தூக்கி அப்படியே நிறுத்தினார். அண்ணி பயந்துபோய், "என்ன, என்ன?" என்றார்.

"கிள்ளை!" என்றார் தமையனார். பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டா தம்பி, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிள்ளையை விட்டுவிட்டேனே, நீ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அவர் முன்னால் நமக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது. பதில் சொல்லாமல் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டோம்.